தொட்டிக்குள் ஒரு கிணற்றுச் சுவர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடொன்றின் கேத்தலைத் திறந்து பார்த்தால், அடியிலும் மூக்கின் உட்புறத்திலும் வெள்ளைப் பொருக்கு இறுகியிருக்கும். அதன்மேல் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்துவிட்டால் சின்னச் சின்னக் குமிழாக நுரைத்துக் கரையும். நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரைந்து வந்து, சூடு பட்டதும் மீண்டும் கல்லாகிப் படிந்ததுதான் அந்தப் பொருக்கு. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் பலருக்கு, தொட்டியின் பின்பக்கத்தில் பாறைபோலத் தோன்றும் சுவரொன்றைத் தாங்களே செய்து பொருத்த வேண்டும் என்ற ஆசை ஒருநாள் வரும். அப்போது அவர்கள் முதலில் எட்டிப் பார்க்கவேண்டியது இந்தக் கேத்தலுக்குள்தான். ரெஜிபோம் என்னும் இலேசான நுரைப்பாளத்தைச் செதுக்கி, சீமெந்து பூசி, சிலிக்கனால் ஒட்டும் இந்தச் சுவரைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மென்னீர் ஓடும் ஊர்களில் பிறந்தவை. சீமெந்து தண்ணீரைக் கெடுத்துவிடும் என்பது அவற்றில் தலையானது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் அந்த அச்சத்துக்கு இடம் குறைவு. இங்கே பயப்படவேண்டியவை வேறு.

அதற்கு முன் ஒரு கேள்வி நிற்கிறது. பின்சுவரால் மீனுக்கு என்ன பயன்? பார்க்கிற மனிதருக்குத்தானே அழகு? குளத்திலோ ஆற்றிலோ வாழும் மீனுக்கு வெளிச்சம் வருவது மேலிருந்து. தண்ணீருக்குள் இருந்து மேலே நோக்கும் கண்ணுக்கு, ஒளிமுறிவின் விளைவாக, வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமான ஒரு கூம்புக்குள் சுருங்கித் தெரியும். அதற்கு வெளியே எப்பக்கமும் மங்கல்தான். நான்கு பக்கமும் கண்ணாடியான தொட்டி இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. வெளிச்சம் பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்து பாய்கிறது. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடும் நிழல் ஓயாமல் விழுகிறது. மீனின் கண் மேலிருந்து விழும் ஒளியையும் சூழலில் பட்டுத் திரும்பிவரும் ஒளியையும் ஒப்பிடுகிறது. சூழல் வெளிறியது என்று அது கண்டால், தோலில் உள்ள கருநிறக் கலங்களுக்குள் நிறமணிகள் நடுவே ஒடுங்கிவிடும், மீன் வெளிறும். சூழல் இருண்டது என்று கண்டால் நிறமணிகள் விரியும். சில வாரங்கள் அதே சூழலில் வைத்திருந்தால் அந்தக் கலங்களின் எண்ணிக்கையே மாறத் தொடங்கும். வெறும் கண்ணாடிக்குள் சோகை பிடித்ததுபோல் தெரியும் மீன், இருண்ட சுவருக்கு முன்னால் நிறம் கொள்வது இப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1853 இல் மீன்களுக்கென ஒரு கட்டடம் திறக்கப்பட்ட அந்தக் காலத்தில், தொட்டிகள் பலவற்றின் பின்புறமும் பக்கங்களும் சிலேற்றுக்கல்லால் ஆனவை. முன்பக்கம் மட்டுமே கண்ணாடி. கண்ணாடி மலிந்த பின்னர்தான் மீன் நான்கு பக்கமும் அம்பலப்பட்டது.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புத் தாளை ஒட்டினால் இந்தப் பயன் கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். நிறத்தைப் பொறுத்தமட்டில் கிடைக்கும். அதற்கு மேல் எதுவும் வேண்டாதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தாளில் மறைவிடம் இல்லை. அடிபட்டு ஒதுங்கும் மீனுக்கும் குஞ்சு ஈனும் தாய்க்கும் ஓர் இடுக்கு வேண்டும். இன்னொன்றும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. வழவழப்பான கண்ணாடியைவிடச் சொரசொரப்பான சீமெந்துச் சுவர் அவற்றுக்குப் பன்மடங்கு இடம் தரும்.

இனி நீருக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய்ப் பகுதிகளில் அதன்மேல் செம்மண் போர்த்தியிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கே கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும் உயிர்பெறுவது. மாரிமழை செம்மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைத் தின்கிறது. கரையாத கல்சியம் காபனேற்று, கரையும் கல்சியம் இருகாபனேற்றாகிக் கிணற்றில் வந்து சேர்கிறது. இந்த அரிப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்ததன் விளைவை நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றில் காணலாம். அடியில் கல் கரைந்து வெளியாகி, கூரை இடிந்து விழுந்த பள்ளம் அது. ஆகவே தொட்டியில் நாம் ஊற்றுவது வெறும் தண்ணீரல்ல. கரைந்த கல்லையும் சேர்த்தே ஊற்றுகிறோம்.

சீமெந்தும் அதே கல்லிலிருந்து வந்ததுதான். காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, முருங்கன் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டது. சுட்ட கல் தண்ணீரைக் கண்டதும் இறுகுகிறது. இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றின சுண்ணாம்பு, பக்கவிளைவாக உண்டாகிறது. புதுச் சீமெந்தின் நுண்துளைகளுக்குள் இருக்கும் நீரின் பீ.எச். பெறுமானம் 12 ஐத் தாண்டும். அது கசிந்து வந்தால் மீனின் பூக்கள் வெந்துபோகும். மீன் வளர்ப்போரின் அச்சம் இதுதான்; அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் கசிந்து வரும் சுண்ணாம்பு எந்தத் தண்ணீருக்குள் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, கல்சியம் இருகாபனேற்று உள்ள நீரைச் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து கரையாத கல்சியம் காபனேற்றாகிப் படிந்துவிடும். 1841 இல் தோமஸ் கிளார்க் என்னும் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் வன்னீரை மென்னீராக்கக் காப்புரிமை பெற்ற முறையும் இதுவே: வன்னீருக்குள் அளவாகச் சுண்ணாம்பைப் போட்டால், போட்டதும் படியும், ஏற்கெனவே இருந்ததும் படியும். சீமெந்துச் சுவரில் இது நடப்பது துளைகளின் வாயிலேயே. சுண்ணாம்பு வெளியே வரும் இடத்திலேயே கல்லாகி, வந்த வழியை அடைத்துக்கொள்கிறது. நமது வன்னீர் புதுச் சுவரின் மேல் ஒரு கற்தோலை வளர்க்கிறது என்று சொல்லலாம்.

கணக்கில் பார்ப்போம். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமான தொட்டியில் சுமார் 180 லீற்றர் கொள்ளும். பின்சுவரின் சராசரித் தடிப்பு 5 சென்ரிமீற்றர் என்றால் அது 20 லீற்றரை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 160. நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் சீமெந்துக் கலவை பூசினால் மூன்றரைக் கிலோ போகும். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் என்றால், அதிலுள்ள ஒரு கிலோ சொச்சச் சீமெந்து முற்றாக இறுகியதும் 200 கிராம் அளவில் சுண்ணாம்பை உள்ளே வைத்திருக்கும். கிணற்று நீரின் காரத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிரப்பிய தண்ணீர் 30 கிராம் சுண்ணாம்பைக் கட்டிப்போட வல்லது. உள்ளிருக்கும் சுண்ணாம்பில் பெரும்பகுதி வெளியே வரவே வராது. வருவது மேற்பரப்புக்கு அண்மையில் இருப்பது மட்டும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறையாக நான்கைந்து தடவை நிரப்பி இறைத்தால் கசிவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு ஒடுங்கிவிடும். அதைப் பீ.எச். காட்டும் மருந்துத்துளியால் சோதித்துப் பார்க்கலாம்: புதுத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் கழிந்தும், அதே கிணற்று நீரைப் பக்கத்தில் ஒரு வாளியில் வைத்திருந்ததன் பெறுமானத்துக்கும் தொட்டியின் பெறுமானத்துக்கும் வேறுபாடு இல்லையென்றால் சுவர் அடங்கிவிட்டது. வாளி அவசியம். கிணற்று நீர் வெளியே வந்ததும் காபனீரொட்சைட்டை இழந்து தானாகவே பீ.எச். சற்று உயரும், அந்த உயர்வைச் சீமெந்தின் தலையில் கட்டிவிடக்கூடாது.

இதே சுவரை மழைநீர் நிரப்பிய தொட்டியில் வைத்தால் கணக்குத் தலைகீழாகும். மழைநீரில் இருகாபனேற்று இல்லாத குறையால், 160 லீற்றர் தண்ணீர் கட்டிப்போடும் சுண்ணாம்பு ஒரு கிராம் அளவைத் தாண்டாது. கசியும் ஒவ்வொரு துளியும் பீ.எச்.சைத் தூக்கிவிடும். அதோடு சேர்ந்து வருவது அமோனியா என்ற இன்னொரு எமன். 28 பாகை வெப்பமுள்ள நீரில் பீ.எச். 7 ஆக இருக்கும்போது, மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 இல் அது ஆறேழு பங்கு. 9 இல் நாற்பது பங்கு. கழிவின் அளவு மாறாமலே நஞ்சு மட்டும் பெருகிவிடும். போத்தல்களில் விற்கும் வடித்த நீரை வாங்கிக் குடிக்கும் பழக்கம் இங்கே பரவியிருப்பதால், மீனுக்கும் அதையே ஊற்றுவது நல்லது என்று நினைக்கத் தோன்றும். சீமெந்துச் சுவர் வைத்த தொட்டிக்கு அதைப்போல ஆபத்தான உபசாரம் வேறில்லை.

இந்த இடத்தில் எழும் மறுப்பு நியாயமானது. அமேசன் மீன்களை வளர்க்க விரும்புபவர் என்ன செய்வது? றியோ நெக்ரோ ஆற்றில் நீர் அமிலத்தன்மையானது, கல்சியம் அறவே குறைந்தது. கார்டினல் டெட்ரா அதில் பிறந்தது. ஈரவலயக் காட்டு ஓடைகளில் வாழும் நம் நாட்டுச் செரி பார்ப் மீனும் மென்னீருக்குப் பழகியதே. இவற்றை வளர்க்கிறவர்கள் சீமெந்தைத் தொடவேண்டாம். நஞ்சற்ற எப்பொக்சி பூசி, அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் மணல் தூவி, முற்றாக இறுகவிட்ட சுவரே அவர்களுக்கு ஏற்றது, செலவு பலமடங்கு. என்னைக் கேட்டால், திருநெல்வேலித் தண்ணீரில் அமேசனை நடிக்க வைப்பதைவிட, இந்தத் தண்ணீரைத் தனதாக்கிக்கொள்ளும் மீனைத் தேடுவதே முறை. கப்பி, மொலி, பிளாட்டி எல்லாம் வன்னீரில் செழிப்பவை. தங்கனீக்கா ஏரியின் சிக்லிட் மீன்கள் பீ.எச். 9 ஐ அண்டிய நீரில் பாறை இடுக்குகளில் வாழ்பவை. கப்பிக்கு இங்கே ஏற்கெனவே வேலையும் கொடுத்திருக்கிறோம்: நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி நுளம்பு 2016 இன் இறுதியில் மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிணறுகளில் கண்டறியப்பட்டபோது, அதன் குடம்பிகளை உண்ணவிட்ட மீன்களில் கப்பியும் ஒன்று. சுண்ணாம்புக்கல் கிணற்றில் வாழும் மீனுக்குச் சீமெந்துச் சுவர் அந்நியமாக இருக்க நியாயம் இல்லை.

உண்மையான ஆபத்து ரெஜிபோமில் இருக்கிறது. அதற்கு நஞ்சு காரணமல்ல, மிதப்புக் காரணம். 20 லீற்றர் ரெஜிபோமின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அது தண்ணீருக்குள் 20 லீற்றர் நீரை விலக்குவதால் 20 கிலோ எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். மேலே பூசிய சீமெந்து மூன்றரைக் கிலோ என்றாலும், தானும் நீரை விலக்குவதால் நீருக்குள் இரண்டு கிலோதான் கனக்கும். எஞ்சிய 18 கிலோ தூக்குதல், அதாவது முக்கால் மூட்டை அரிசியை மேல்நோக்கி இழுப்பது போன்ற விசை, இரவும் பகலும் ஒட்டைச் சோதிக்கிறது. சுவர் கழன்றால் சடுதியில் எழும்பி, மூடியையும் விளக்கையும் தள்ளி, சிலவேளை கண்ணாடியையே உடைக்கும்.

ஆனால் விசையை ஒட்டிய பரப்பால் வகுத்துப் பார்த்தால் அது மிகச் சிறியது. நல்ல சிலிக்கன் அதைப்போல நூறு மடங்கைத் தாங்கும். அப்படியானால் சுவர்கள் ஏன் கழலுகின்றன? சிலிக்கன் இறுகுவது காய்ந்து அல்ல. காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபட்டு, வினாகிரி மணக்கும் அசற்றிக் அமிலத்தை வெளிவிட்டு இறுகுகிறது. அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி, நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வீதம். கண்ணாடிக்கும் ரெஜிபோமுக்கும் இடையில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிய சிலிக்கனின் நடுப்பகுதிக்குக் காற்றுப் போக வழியில்லை. ஓரம் இறுகியதைத் தொட்டுப் பார்த்து ஒரே நாளில் தண்ணீர் விடுகிறார்கள். உள்ளே அது இன்னும் பசையாகவே கிடக்கிறது. ஆகவே அப்பாமல், விரற்கடை இடைவெளி விட்டு மெல்லிய கோடுகளாகப் போட்டு, ஒரு கிழமையாவது பொறுப்பது நல்லது. வினாகிரி மணம் முற்றாக அற்றுப்போவதே சரியான அடையாளம். இரண்டாவது காரணம் இரசாயனம். அதே அசற்றிக் அமிலம் சீமெந்தின் சுண்ணாம்போடு சேர்ந்து, ஒட்டும் இடத்தில் உப்பு மாவுபோன்ற படையை உண்டாக்கும். ஒட்டு அந்த மாவில்தான் பிடிக்கிறது, கல்லில் அல்ல. எனவே சுவரின் முதுகில் சீமெந்து படாமல் வெறும் ரெஜிபோமாகவே விட்டு, அதைத்தான் கண்ணாடியில் ஒட்டவேண்டும். குளியலறைக்கென்று விற்கும், பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்த சிலிக்கன் மீனையும் விட்டுவைக்காது. தின்னர் கலந்த பெயின்ற்றோ ரப்பர்ப் பசையோ ரெஜிபோமில் பட்டால் அது கண்முன்னே உருகிக் குழிந்துவிடும். சுவரின் மேல்விளிம்பு தொட்டியின் மேற்பட்டிக் கண்ணாடிக்குக் கீழே இறுகிப் பொருந்தும்படி செய்வது மிக உறுதியான காப்பு. ஒட்டு விட்டாலும் பட்டி பிடித்துக்கொள்ளும்.

சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையில் தேங்கும் தண்ணீர் இன்னொரு தொல்லை. அங்கே ஒட்சிசன் தீர்ந்தால், கழிவை உடைக்கும் வேலையை ஒட்சிசன் வேண்டாத பற்றீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். ஒன்றில் விளிம்பு முழுவதையும் அடைத்துத் தண்ணீர் போகாமல் செய்ய வேண்டும், அல்லது கீழே துளை வைத்து, மேலே பம்பியின் உறிஞ்சு குழாயைப் பின்னால் மறைத்து, தண்ணீரைப் பின்புறமாகவே ஓடவைக்க வேண்டும். அரைகுறையாக ஒரு விரல் நுழையும் சந்து விடுவதுதான் கேடு; குஞ்சுகள் அதற்குள் போய்ச் செத்துக் கிடக்கும்.

கிணற்று நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான அதே நிலவமைப்பு இன்னொன்றையும் கொண்டுவருகிறது. வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் இடும் யூரியாவும், மலசலகூடக் குழிகளிலிருந்து ஊறுவதும், வெடிப்பு நிறைந்த கல்லின் ஊடாக விரைவாக இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; வலிகாமத்தில் பயிர்ச்செய்கை மிகுந்த இடங்களின் கிணறுகள் பல அதை மீறியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மீன் தொட்டிக்கு இதன் பொருள் கடுமையானது. நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணீரை மாற்று என்பது உலகெங்கும் சொல்லும் விதி. மாற்றும் தண்ணீரிலேயே அது நிறைந்திருந்தால் விதி பலிக்காது. வீட்டில் செய்த பின்சுவர் வாங்கும் சுவரைவிட மேலானது என்று நான் எண்ணுவதற்கு இதுவே காரணம். செதுக்கும்போதே மேல்விளிம்பில் மூன்று நான்கு குழிகளைத் தோண்டி, அடியில் துளையிட்டு, மணிபிளான்ட் தண்டுகளை அவற்றில் செருகிவிடலாம். இலை காற்றில், வேர் தண்ணீரில். காற்றிலிருந்து வேண்டிய காபனீரொட்சைட்டை எடுப்பதால் அது நீருக்குள் வளரும் செடிகளைவிட வேகமாக வளர்ந்து நைத்திரேற்றை உறிஞ்சும். இலையை மீன் கடிக்க விடாமல் மேலே நிறுத்துவது மட்டும் கவனம்.

எதைப் பார்த்துச் செதுக்குவது என்பதற்கு விற்பனைப் படங்களைத் தேடவேண்டியதில்லை. பழைய கிணறு ஒன்றின் கட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் போதும். செம்மண் முடிந்து கல் தொடங்கும் இடத்தில், வெட்டிய சுண்ணாம்புக்கல் பாளம் பாளமாக, தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக நிற்கும். இடுக்குகளில் பன்னமும் பாசியும். அந்த ஓட்டைகளை ரெஜிபோமில் கத்தியால் வெட்டினால் ஓரம் கூராகிப் பொய்யாகத் தெரியும். கையால் பிய்த்தெடுத்தால் மணிமணியாக உதிர்ந்து வரும் அந்தச் சொரசொரப்பே உண்மைக் கல்லுக்கு நெருக்கம். உதிரும் மணிகள் ஒன்றும் தொட்டிக்குள் மிஞ்சக்கூடாது. மீன் விழுங்கினால் குடலில் அடைக்கும். முதற்பூச்சு பால்போலத் தண்ணியாக, தூரிகையால். அப்போதுதான் துளைகளுக்குள் போய்ப் பிடிக்கும். அடுத்த இரண்டும் தடிப்பாக. பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளியும், அந்த நாள் முழுவதும் ஈரச்சாக்கு மூடலும் வேண்டும். வெயிலில் காயவைத்தால் சீமெந்து இறுகாமல் வெடிக்கும். செம்மண் பகுதிக்கு, தரைக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கடைசிப் பூச்சில் கலக்கலாம். அது இரும்பு ஒட்சைட்டு, கரையாதது. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அதே இரும்புதான்.

ஆவியாகும் தண்ணீர் கல்லை விட்டுவிட்டுத்தான் போகும். கோடையில் மட்டம் இறங்க இறங்கச் சுவரில் வெள்ளைக் கோடு விழும். கிணற்றிலும் வைகாசி ஆனியில் அதே கோடு தெரியும். இறங்கிய அளவைக் கிணற்று நீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு மாதம் கடினத்தன்மை ஏறும். கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீருக்கு இந்தத் தொட்டியில் உள்ள ஒரே வேலை அந்த இழப்பை ஈடுசெய்வது: கிழமைக்கு ஒரு வாளி, அடங்கிவிட்ட சுவருக்கு மட்டும்.